அல்லேலூயாவைப் புதைத்தவர்

லியாண்டர் ஓஸ்டன்டார்ஃப் பாட்டுக் கேட்கிற ஆள் இல்லை. மரியன்ஃபெல்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர். அந்த வட்டாரத்துப் பால் பண்ணைக் குடும்பங்கள் எல்லாமே அவருடைய குழாயை ஒரு தடவையாவது தங்கள் கொல்லையில் பார்த்திருக்கும். லாரியில் ஒரு ரேடியோ இருந்தது. அது எப்போதோ கெட்டுப்போனது. கெட்டுப்போன விஷயம் அவருக்கே பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது என்று அவர் மனைவி டெல்ஃபின் சொல்வாள்.

ஆனால் அவருக்கு எந்நேரமும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிற பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று நின்றே அவருக்கு வயதாகியிருந்தது. பம்ப்பை நிறுத்தி, வீட்டுக்கு வந்து, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் காதுக்குள் ஒரு விசில் விடாமல் ஊதும். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது வருமே, அந்த மாதிரி. இந்தக் கெட்டிலை மட்டும் அடுப்பிலிருந்து இறக்க முடியவில்லை. படுக்கையில் அது இன்னும் பலமாகக் கேட்டது. அதனால் அவர் சரியாகத் தூங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டெல்ஃபின் டாக்டரிடம் கூட்டிப் போவாள். டாக்டர் வேலையை விடச் சொல்வார். வேலையை விட்டுவிட்டு மினசோட்டாக் குளிரில் வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டெல்ஃபின் ஏதாவது கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்தால், கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று அவளும் விட்டுவிடுவாள்.

உயர்நிலைப் பள்ளியில் கோன்ராட் ஃபெனைஸ் என்று ஓர் உயிரியல் வாத்தியார் இருந்தார். ஒரு கோடை விடுமுறையில் அவர் துறவிகள் மடத்தில் ஒரு வாரம் தங்கப் போனார். திரும்பி வரும்போது, பழைய லத்தீன் பாடல்களைக் கோவிலில் பாடியே தீருவது என்ற முடிவோடு வந்தார். அந்தப் பாட்டுக்கு ஆர்கன் கிடையாது, தாளம் கிடையாது, குரல் பிரித்துப் பாடுவதும் கிடையாது. எல்லோரும் ஒரே வரியில், ஒரே மூச்சில் போக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்துக்கு ஒரு பாட்டு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு ஒரு பாட்டு, ஒவ்வொரு ஞாயிறுக்கும் அதனதன் பாட்டு என்று வருடம் முழுக்க உண்டு. வெளியூர் போன சிலர் அம்மை வாங்கி வருவார்கள், இவர் இதை வாங்கி வந்திருக்கிறார் என்று ஊரார் பேசாமல் இருந்துவிட்டார்கள். பங்குச் சாமியார் ஃபாதர் சிரிலுக்கு மூன்று ஊர்க் கோவில்கள். யாராவது ஒன்றைச் செய்கிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்கிற தெம்பு அவருக்குப் போய்விட்டிருந்தது.

முதல் ஆளாகச் சேர்ந்தது டெல்ஃபின்தான். நல்ல குரல் அவளுக்கு. அதை அவளும் அறிந்திருந்தாள். ஒத்திகை சனிக்கிழமை காலையில். அவள் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்ததால் பனி விழுகிற பாதையில் அவள் ஓட்டுவதை மகள் தடுத்துவிட்டாள். ஆகவே லியாண்டர் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. முதல் நாள் அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். கால் விரல்கள் மரத்துப் போகவே இறங்கிக் கோவிலுக்குள் வந்து, கடைசி பெஞ்சில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற சுவரை ஒட்டி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் போக வேண்டும், அவ்வளவுதான் அவருடைய எண்ணம்.

கோவிலின் பின்பக்கம், மேலே பாடகர் மாடத்தில் ஏழெட்டுப் பேர் பாட ஆரம்பித்தார்கள். திருவருகைக்காலப் பாட்டு. காய்ந்த நிலத்துக்காரன் வானத்தைப் பார்த்து மழை கேட்பது போன்ற பாட்டு அது. லியாண்டருக்கு லத்தீன் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். காதுக்குள் இருந்த விசில் நின்றுவிட்டது. அல்லது அந்தக் குரல்கள் அதன் மேல் போர்வையைப் போட்டது போல மூடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆர்கனோடு பாடுகிற பாட்டுகளில் விசில் கோபித்துக்கொண்டு இன்னும் கூடும். இதில் அப்படி இல்லை. பாட்டு ஏறுவதும் இறங்குவதும் சரியான வாட்டத்தில் பதித்த குழாயில் தண்ணீர் போவதைப் போல இருந்தது. எங்கேயும் தேங்கவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. அவர் அதைக் கவனித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

டெல்ஃபின் வந்து தோளை உலுக்கினாள். மாடத்தில் இருக்கிறவர்களுக்கு அவர் குறட்டை கேட்டதாம். அவளுக்கு அவமானமாக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவள் சொல்வதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தார்.

இப்படியே கிறிஸ்துமஸ் போனது, மூன்று ராஜாக்கள் திருநாள் போனது. கோன்ராட்டுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அவர் ஒன்றைக் கவனித்தார். பாட்டு ஒழுங்காகப் போனால் லியாண்டர் தூங்குகிறார். யாராவது ஒருவர் முந்தினாலோ ஒரு குரல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றாலோ விழித்துக்கொண்டு சுற்றிலும் பார்க்கிறார். அதற்குப் பிறகு கோன்ராட் குறட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கஷ்டமான பாட்டு முடிந்ததும் கைப்பிடிச் சுவரின் மேல் எட்டிக் கீழே பார்த்துக்கொள்வார்.

தவக்காலம் நெருங்கியபோது கோன்ராட் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஓர் உதவி கேட்டார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் அல்லேலூயா பாடக் கூடாது. பழைய காலத்தில் அதை முறைப்படி வழியனுப்பி அடக்கமே செய்வார்களாம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பலகையில் அந்த வார்த்தையைத் தங்க நிறத்தில் எழுதியிருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பவனியாகக் கொண்டுபோய் மண்ணில் வைத்து மூட வேண்டும், உயிர்ப்புக்கு முந்தின நாள் எடுக்க வேண்டும். குழி மட்டும் லியாண்டர் வெட்டித் தர வேண்டும்.

“எவ்வளவு ஆழம்?” என்று மட்டும் லியாண்டர் கேட்டார்.

பிப்ரவரி மாதம். மண் இடுப்பளவு ஆழத்துக்கு உறைந்து கல்லாகக் கிடந்தது. கல்லறை வெட்டுகிறவர்களே இயந்திரம் வைத்துக்கொண்டு திணறுகிற காலம். லியாண்டர் கோவிலைச் சுற்றிக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார். கடப்பாரைதான் வளைகிற மாதிரி இருந்தது. கடைசியில் சாமியார் வீட்டுக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு துண்டு நிலத்தில் எந்தக் குளிரிலும் பனி தங்காது. நடு ஜனவரியிலும் புல் பச்சையாக இருக்கும். காரணம் அவருக்குத் தெரியும். சாமியார் வீட்டுக் கழிவுத் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் மண்ணில் ஊறுகிற இடம் அது. அந்தக் குழாய்களைப் பதித்ததே அவர்தான். மண் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஞாயிறன்று சிலுவை முன்னே போக, பிள்ளைகள் பலகையைப் பெட்டியில் வைத்துத் தூக்கி வர, ஊரே பூட்ஸுகளோடு பனியில் நடந்து வந்தது. பாடகர் குழு வழியனுப்பும் பாட்டைப் பாடியது. மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் நார்பர்ட், குழுவிலேயே கனத்த குரல் உள்ளவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்று என்று சொன்னார். ஃபாதர் சிரில் குழிக்கு முன்னால் நின்று மண்ணைப் பார்த்தார். சுற்றிலும் எல்லாம் உறைந்து கிடக்க இந்த ஓரிடம் மட்டும் இளகிக் கிடப்பதைக் காட்டி, ஆண்டவர் தம்முடைய வார்த்தைக்கென்று ஓரிடத்தைச் சூடாக வைத்திருக்கிறார் என்று பேசினார். நன்றாகப் பேசினார் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். லியாண்டர் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவக்காலத்தில் ஆர்கனும் இல்லாததால் கோவில் இன்னும் அமைதியாக இருந்தது. பாட்டுகள் நீண்டன. வெள்ளிக்கிழமைகளில் கோவில் அடித்தளக் கூடத்தில் மீன் வறுப்பார்கள். அந்த எண்ணெய் வாசனை மறுநாள் காலை ஒத்திகை வரைக்கும் தங்கியிருக்கும். அதற்குள்ளே லியாண்டர் தூங்குவார். அவர் முகத்தில் களை வந்திருப்பதாக மகள் சொன்னாள். டெல்ஃபின் மீன்தான் காரணம் என்றாள்.

உயிர்ப்புக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மதியம் பெட்டியை எடுக்கப் போனார்கள். அதற்குள் பனி உருகி, அந்தத் துண்டு நிலம் சேறாகியிருந்தது. லியாண்டர் மண்வெட்டியைப் போட்டதும் ஒரு வாசனை எழுந்தது. பிள்ளைகள் பின்வாங்கினார்கள். கோன்ராட் உயிரியல் வாத்தியார். ஒரு தடவை மூக்கை உறிஞ்சியதுமே அவருக்கு முழுதும் புரிந்துவிட்டது.

“லியாண்டர், இது என்ன இடம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தோண்ட முடிஞ்ச இடம்.”

“அது தெரியுது.”

“பிப்ரவரில வேற எங்கயும் இறங்கல. நீங்க ஆழம் சொன்னீங்க. இடம் சொல்லல.”

ஃபாதர் சிரில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டவர் சூடாக வைத்திருந்த இடத்தையும், அதற்கு நேரே இருந்த தம் வீட்டுக் குளியலறை ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். 

“கழுவிக் கொண்டு வாங்க,” என்றார்.

அன்று மாலைப் பூசையில் பலகை பீடத்துக்கு முன்னால் நின்றது. தங்க எழுத்து ஒரு பக்கம் உரிந்திருந்தது. சாமியார் அல்லேலூயாவை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏற்றிப் பாட வேண்டும் என்பது முறை. ஃபாதர் சிரில் முதல் தடவையே அவசரத்தில் உயரமாக எடுத்துவிட்டார். மூன்றாவது தடவை என்ன நடந்தது என்பதைப் பற்றி மரியன்ஃபெல்ட்காரர்கள் மரியாதையாகப் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஆனால் பின்னாலிருந்து பாடகர் குழு அதைப் பிடித்துக்கொண்டு பாடியபோது, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சொல் கூரை வரைக்கும் போனது. லியாண்டர் அன்று தூங்கவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. விசில் இல்லை, தூக்கமும் இல்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

சண்டை, உயிர்ப்புக்குப் பின் ஐம்பதாம் நாள் வருகிற பெந்தகோஸ்துக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. தூய ஆவியை வரச் சொல்லிக் கெஞ்சுகிற பாட்டு. சில வரிகளைத் தனியாகப் பாட டெல்ஃபினுக்குக் கொடுத்திருந்தார் கோன்ராட். அவள் வரியின் கடைசிச் சுரத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். மற்றவர்கள் அடுத்த வரிக்கு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கோன்ராட் இரண்டு தடவை நயமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை பொறுமை போய்விட்டது.

“டெல்ஃபின், அந்தச் சுரம் உங்க பேர்ல பட்டா போட்டுக் குடுத்தது இல்ல. விட்டுட்டு வாங்க, நாங்களும் போகணும்.”

நார்பர்ட் சிரித்துவிட்டார். அதுதான் பெரிய தப்பு. டெல்ஃபின் புத்தகத்தை மூடினாள், கோட்டை எடுத்தாள், படியிறங்கி வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள். கார் பழுது என்பதால் அன்று லாரியில்தான் வந்திருந்தார்கள்.

லியாண்டர் விழித்துப் பார்த்தபோது மனைவியைக் காணவில்லை. என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. எழுந்து போகத்தான் இருந்தார். அதற்குள் மற்றவர்கள் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார்கள். பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று நினைத்து முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அது முடிந்ததும் இன்னொன்று. கடைசியில் அவர் வெளியே வந்தபோது லாரிக் கண்ணாடிக்குப் பின்னால் டெல்ஃபினின் முகத்தைப் பார்த்தார். வீடு வரைக்கும் இருவரும் பேசவில்லை. அவருக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை என்பதில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை டெல்ஃபின் சமையலறையை விட்டு நகரவில்லை. லியாண்டர் சவரம் செய்து, சட்டை மாற்றி, சாவியை எடுத்தார்.

“எங்க கிளம்பிட்ட?” என்று அவள் கேட்டாள்.

சாமியார் வீட்டுத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஒரு சாமியார் எவ்வளவுதான் நிரப்புவார் என்று அவள் கேட்டபோது, பொய்யை விட்டுவிட்டு ஒத்திகைக்குப் போவதாகச் சொன்னார்.

“நீ பாடறவனும் இல்ல. நான் அங்க இல்ல. யாருக்காகப் போற?”

“சும்மா. உக்காரத்தான்.”

“உக்கார இங்க நாற்காலி இல்லையா?”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மதியச் சாப்பாடு மேசை மேல் ஆறிக் கிடந்தது. உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து அடுப்பில் வாட்டியது. சூடாக இருந்தாலே கனமானது அது. அந்தக் கோடை முழுக்க அவர் சனிக்கிழமைகளில் அதை ஆறினதாகவே சாப்பிட்டார். ஞாயிறுகளில் டெல்ஃபின் பக்கத்து ஊர்க் கோவிலுக்குப் போனாள். அங்கே கிட்டார் வைத்துப் பாடுவார்கள். அவளைக் கொண்டுபோய் விட்டு அவரும் உள்ளே உட்கார்ந்தார். கிட்டார் கம்பிகளும் காதின் விசிலும் ஒன்றோடொன்று போட்டி போட்டன. அங்கே ஒரு கண்ணயர்வுகூடக் கிடைக்கவில்லை.

கோடையில் கோவிலில் சாமியார் உடையும் பீடத் துணியும் பச்சைக்கு மாறிவிடும். பெரிய திருநாள் எதுவும் இல்லை, ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் பேர்கூடக் கிடையாது, வெறும் எண்தான். வைக்கோல் வேலை, ஏரி, மீன்பிடிப்பு என்று குழுவும் நாலைந்து பேராகச் சுருங்கியது. கிறிஸ்துமஸ் பாட்டையும் உயிர்ப்புப் பாட்டையும் போல இவற்றை யாரும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. லியாண்டருக்கு இவைதான் அதிகம் பிடித்திருந்தன. ஒரு காரணமும் இல்லாமல் பாடுகிற மாதிரி இருந்தன. வேலை நாளைப் போல.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை டெல்ஃபின் அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி தக்காளி விற்கப் போகிற வண்டியில் ஏறிக்கொண்டு வந்தாளாம். தன்னைக் கோன்ராட்டிடம் விட்டுக்கொடுத்துவிட்டு இந்த ஆள் அங்கே என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிடுவது அவள் நோக்கம். கதவைத் திறந்து பார்த்தாள். கடைசி பெஞ்சில் அவர் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் இப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. வீட்டில் அவர் பலகை மாதிரி விறைத்துப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அவருக்கு முன் பெஞ்சில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒத்திகை முடிகிற வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், சோளக்கொல்லைகளுக்கு நடுவே, உண்மையைச் சொல் என்று கேட்டாள். லியாண்டர் சொன்னார். பம்ப், விசில், கெட்டில், தூக்கம், மாடத்திலிருந்து வருகிற பாட்டு, அது வந்தால் நிற்பது, எல்லாம். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதற்கு முன் எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

“ஏன் என்கிட்டச் சொல்லல?”

“சொன்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவ.”

“ஆமா, போவேன்.”

“அதான்.”

கொஞ்ச தூரம் போனதும் அவள் மறுபடி கேட்டாள். “அப்ப இத்தனை வருஷமா நான் பேசினது?”

“பாதி கேட்கும்.”

“எந்தப் பாதி?”

“அது நாளைப் பொறுத்தது.”

அவள் வெளியே சோளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எத்தனை சண்டைகளில் தான் மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததாகப் பின்னால் மகளிடம் சொன்னாள். குழுவுக்குத் திரும்புவதாக அவள் சொல்லவில்லை. கோன்ராட் வந்து கேட்டால் யோசிக்கலாம். கோன்ராட் வந்து கேட்கிற ரகம் இல்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாடு ஆனதும், பாத்திரம் கழுவியவள் கை துடைத்துக்கொண்டு வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னிக்கொண்டே, பச்சைக்காலத்துப் பாட்டு ஒன்றை மெல்லிய குரலில் பாடினாள். கடைசிச் சுரத்தை ஆசை தீரும் வரை பிடித்து நிறுத்தினாள். கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லை. லியாண்டர் தூங்கிவிட்டார். அது வழக்கமாகிவிட்டது. 

நவம்பர் பிறந்ததும் டெல்ஃபினின் அக்காள் ரோசினா இறந்துபோனாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தன் அடக்கப் பூசையில் பழைய லத்தீன் பாட்டுத்தான் வேண்டும் என்று டெல்ஃபினிடம் வாக்கு வாங்கியிருந்தாள். ஃபாதர் சிரிலுக்கு மூன்று கோவில்களுக்கு நடுவே கிடைத்தது சனிக்கிழமை காலை மட்டும். அது மான் வேட்டைக் காலம் திறக்கிற சனிக்கிழமை. அன்று அந்த மாவட்டத்தில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த எந்த ஆளும் ஊருக்குள் இருக்கமாட்டான். கோன்ராட், நார்பர்ட் எல்லோரும் முந்தின நாளே வடக்கே காட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே போன் எடுக்காது.

 டெல்ஃபின் கருப்பு உடையை இஸ்திரி போட்டாள். சனிக்கிழமை விடிந்ததும் லியாண்டர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டார். காரை மகள் பூ வாங்க எடுத்துப் போயிருந்தாள். லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே, அவர்கள் வருடாவருடம் போகிற காட்டுக்குக் கிளம்பினார்.

அந்த லாரி காட்டுப்பாதையில் வருகிற சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேட்கும். கோன்ராட் ஒரு மரத்தில் பலகை கட்டி, வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிற மேலங்கியோடு, விடியலிலிருந்து இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். மரத்தடியில் வந்து லாரி நின்றது.

“லியாண்டர், நீங்க வந்த சத்தத்துல கனடா வரைக்கும் ஒரு மான் மிச்சம் இருக்காது.”

“ரோசினா போயிட்டாங்க. பூசை இன்னிக்குப் பத்து மணிக்கு.”

கோன்ராட் மேலிருந்து அவருடைய டையைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றிவிட்டு இறங்கினார். அடுத்த மரத்திலிருந்து நார்பர்ட் இறங்கினார். எதற்கென்று அவர் கேட்கக்கூட இல்லை. இன்னொரு ஆளும் வந்தார். லாரியின் முன்னால் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உடை மாற்ற நேரம் இல்லை.

ஆகவே ரோசினாவின் அடக்கப் பூசையில் மாடத்தில் மூன்று ஆரஞ்சு மேலங்கிகள் நின்றன. குழுவிலிருந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி மட்டும் பெண் குரல். அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தது. அவர்கள் இறந்தவருக்காக இளைப்பாறுதல் கேட்கிற பாட்டை எடுத்தார்கள். குரல் ஒல்லியாக வந்தது. குளிரில் காத்துக்கிடந்த தொண்டைகள் என்பதால் நடுநடுவே அறுந்தது. முன் பெஞ்சில் லியாண்டரின் காதுக்குள் விசில் அப்படியே இருந்தது. போதவில்லை, இன்னும் ஒரு குரல் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் டெல்ஃபின் கைக்குட்டையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

லியாண்டர் அவளைப் பார்க்கவில்லை. எதிரே பீடத்தைப் பார்த்தபடியே, ஒருவர் வெளியே போக வழி விடுவது போல, தன் முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

டெல்ஃபின் அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். சவப்பெட்டியைத் தாண்டி, ஊரார் எல்லோரையும் தாண்டி, நடுவழியே பின்னால் போனாள். மாடிப்படிகள் ஒவ்வொன்றாக முனகுவது கேட்டது. அடுத்த பாட்டின் இரண்டாவது வரியில் அவள் குரல் சேர்ந்தது. சேர்ந்ததும் மற்றவர்களின் குரல்களும் ஏதோ முதுகு நிமிர்ந்த மாதிரி ஆயின. கடைசியில், வானதூதர்கள் உன்னைக் கூட்டிப் போகட்டும் என்று சவப்பெட்டியை வழியனுப்புகிற பாட்டின்போது லியாண்டர் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தார். கேட்டுக்கொண்டே நடந்தார். நடந்தபோது கொஞ்சம் அழுதார். ரோசினாவோடு அவருக்குப் பெரிய பழக்கம் எதுவும் கிடையாது.

அடக்கம் முடிந்து அடித்தளக் கூடத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். கோன்ராட் ஆரஞ்சு மேலங்கியோடு தட்டை ஏந்திக்கொண்டு டெல்ஃபினிடம் வந்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி நின்றார். அவளே முந்திக்கொண்டாள்.

“ரொம்பக் கீழ எடுத்தீங்க.”

“மரத்துல இருந்து நேரா வந்தேன்.”

“தெரிஞ்சுது,” என்று சொல்லி அவர் தட்டில் இன்னொரு சாண்ட்விச்சை வைத்தாள்.

 அடுத்த சனிக்கிழமை லியாண்டர் சாவியை எடுக்கப் போனபோது சாவி அங்கே இல்லை. டெல்ஃபின் ஏற்கெனவே காரில் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டிருந்தாள்.

அவள் இன்னொன்றும் செய்தாள். அவரிடம் சொல்லாமலே காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். லியாண்டர் எதிர்க்கவில்லை. எதிர்த்துச் சொன்னால், இந்தத் தடவை அது அவள் காதில் விழாத பாதியில் சேர்ந்துவிடும் என்று தெரியும். டாக்டர் சோதித்துவிட்டு, இது போகாது என்றும், போகாததோடு வாழக் கருவி இருக்கிறது என்றும் சொன்னார். கொட்டைப்பாக்கு அளவு இருந்த அந்தக் கருவியைக் காதுக்குப் பின்னால் மாட்டினால் தூரத்தில் மழை பெய்வது போல ஒரு சத்தம் வரும். விசில் அதற்குள் முழுகிவிடும். கேட்காமல் போன மற்ற சத்தங்களும் கேட்கும். பம்ப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது இரண்டு காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். வேலையை விடச் சொல்லி டாக்டர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இத்தனை வருடம் எதற்குப் பயந்தோம் என்று லியாண்டருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கருவியோடு அவர் முதல் தடவை ஒத்திகைக்குப் போனது திருவருகைக்காலத்தின் நடுவில், சாமியார் ஊதா உடையை விட்டு இளஞ்சிவப்பு உடுத்துகிற ஞாயிறுக்கு முந்தின நாள். சந்தோஷப்படுங்கள் என்று சொல்கிற பாட்டு. லியாண்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். பாட்டு வந்தது. எல்லாம் கேட்டது. நார்பர்ட் வரி முடிவில் கொஞ்சம் கீழே சரிவது கேட்டது. ஆசிரியை மூச்சை இழுப்பது கேட்டது. கோன்ராட் கை தட்டுவதும், பக்கம் புரட்டுவதும், யாரோ சளியை உறிஞ்சுவதும் கேட்டன. டெல்ஃபின் தன் சுரத்தைப் பிடித்து நிறுத்துவதும், இந்தத் தடவை மற்றவர்கள் அவளுக்காக ஒரு கணம் நின்று பிறகு போவதும் கேட்டன. இத்தனை நாள் ஒரே போர்வையாகத் தெரிந்தது இப்போது இழை இழையாக, முடிச்சும் தையலுமாகத் தெரிந்தது. அவர் முடிகிற வரைக்கும் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது பனி தூற ஆரம்பித்திருந்தது. வண்டியை அவர்தான் ஓட்டினார்.

“எப்படி இருந்துச்சு?” என்று டெல்ஃபின் கேட்டாள்.

“நல்லா இருந்துச்சு.”

“இப்ப உனக்குக் காது கேட்குது, லியாண்டர். பொய் சொல்லாத.”

“நார்பர்ட் கொஞ்சம் கீழ போறான்.”

“அது ஊருக்கே தெரியும். நான்?”

லியாண்டர் துடைப்பானைப் போட்டுவிட்டுக் கண்ணாடி தெளிவதைப் பார்த்தார். முன்னால் ஒரு பனி வாரும் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதை முந்தாமல் அதன் பின்னாலேயே போனார்.

“நீ மூச்சு விடறது கேட்குது,” என்றார். “அது முன்னாடி எனக்குக் கேட்டதே இல்ல.”